எதிர்ப்பு மிகவும் குறைவு

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் இருந்தவளுக்கு அத்தாட்சி அக்கா என்று பெயர் வைத்தவர்கள் ஓட்டுநர்கள். திருப்பிக் கொடுக்கும் கவுண்டர் என்பது சுவரில் எழுதியிருந்ததோடு சரி. அக்காவைப் பொறுத்தவரை அது கொடுக்காமல் இருப்பதற்கான இடம். குடையைத் தொலைத்தவர் வந்தால், கவுண்டரில் இருப்பது வேறு யாராவது என்றால் "என்ன நிறம்?" என்று கேட்பார்கள். அக்கா கேட்பது, "எத்தனை கம்பி?"

"குடைக்குக் கம்பியை யாரும்மா எண்ணுவாங்க?"

"உங்க குடைதானே? உங்க பிள்ளைக்கு எத்தனை பல்லுன்னு கேட்டா சொல்ல மாட்டீங்களா?"

"தெரியாதும்மா."

"அப்போ பிள்ளையையும் தர மாட்டேன். அடுத்த ஆள்."

பதினாறு வருடத்தில் பொய் சொல்லி ஒரு கைக்குட்டைகூட அந்தக் கவுண்டரைத் தாண்டியதில்லை. உண்மை சொல்லியும் பல தாண்டவில்லை என்பது வேறு விஷயம். மேலாளரோ, நடத்துநர்களோ, நிலையத்தின் கடிகாரமோ, யாரோடும் அக்கா ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். அங்கே அவளுக்குச் சரிசமமான எதிராளி கணவனின் அக்கா. நாத்தனார் கட்டிக்கொண்டு போன வீட்டில் யாரோடும் ஒட்டாமல் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். இருவரும் ஒரே சமையலறையில் பத்தொன்பது வருடம் புழங்கினார்கள். உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பது இன்னும் தீர்ப்பு வராத வழக்கு. கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பது அவனுக்குத் தொழிலாகவே பழகிவிட்டதால் குடும்பம் ஓடியது.

இப்படி இருக்கையில் அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. கணவனுடையது பொருந்தவில்லை. அவள் கூடப்பிறந்தவர்களுடையதும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது யாருடையது என்று நினைக்கிறீர்கள்? பத்தொன்பது வருடத்தில் அந்த இரண்டு பெண்களுக்கும் இடையே பொருந்திய முதல் விஷயம் அதுதான். நாத்தனார் ஒரு கிட்னியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாளா? அன்று முதல் அக்கா குடிக்கும் தண்ணீருக்கும் தின்னும் ஊறுகாய்க்கும் கணக்குக் கேட்க அவளுக்கு உரிமை வந்துவிட்டது.

"ஊறுகாயை எடுக்காதடி. உள்ள இருக்கிறது என்னோடது."

"கொடுத்தாச்சு இல்ல அண்ணி? இனி என்னோடது."

"வாடகைக்கு விட்ட வீட்டை ஆணி அடிச்சு நாசம் பண்ணா சொந்தக்காரி கேக்க மாட்டாளா?"

மருத்துவர் அக்காவிடம் விஷயத்தைப் பக்குவமாகத்தான் விளக்கினார். "உங்க உடம்பு இந்தக் கிட்னியை அந்நியமா நினைச்சு எதிர்க்கும். அதனால அந்த எதிர்ப்பு சக்தியை மாத்திரை கொடுத்து அடக்கி வைக்கிறோம். காலையில எட்டு மணிக்கு, சாயங்காலம் எட்டு மணிக்கு. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது."

உலகத்தில் நாத்தனாரை எதிர்க்காமல் இருப்பதற்காக இரண்டு வேளை மாத்திரை விழுங்கும் ஒரே பெண் தான்தான் என்று அக்காவுக்கு அப்போதே உறைத்தது. பக்கத்தில் நின்ற கணவன் சிரிப்பை அடக்க மாட்டாமல் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போனான்.

அடக்கியதில் ஒரு சங்கடம். காவலாளியைத் தூங்க வைத்தால் விருந்தாளி நிம்மதியாக இருப்பார், சரி. திருடனும் நிம்மதியாக வருவான் அல்லவா? ஊருக்கெல்லாம் மூன்று நாள் தும்மலோடு போகிற தொற்று அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிடும். தடுப்பூசி என்பது தூங்கும் காவலாளியின் காதில் திருடனின் அடையாளங்களைச் சொல்வது. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு தடவை சொன்னால் போதும். இவளுடைய காவலாளிக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதுவரை நான்கு ஊசிகளையும் ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்கள். ஐந்தாவது ஊசியான பூஸ்டர் வரும்போது தொற்று மறுபடி தலைதூக்கியிருந்தது. ஊசி இனி நகராட்சி மண்டபத்தில்தான் என்று உத்தரவும் மாறியிருந்தது.

"பூஸ்டர் போட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் நீங்க கவுண்டர்ல உக்காரலாம். அதுவும் மாஸ்க்கோட" என்றார் மருத்துவர்.

மேலாளரும் ஒரு தேதி வைத்தார். "ஒண்ணாம் தேதி ஊசி போட்ட சீட்டோட வந்தா நாற்காலி உங்களுக்கு. இல்லன்னா இப்ப உக்காந்திருக்கிறவரே தொடரட்டும்." இப்போது உட்கார்ந்திருந்தவருக்குத் தாராளம் என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தார். குடை தொலைக்காதவர்கள்கூட மழை வந்தால் அந்தக் கவுண்டருக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். இது காதில் விழுந்த நாளிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

எதிர்ப்பு சக்தி குறைந்த சிறப்புப் பிரிவினருக்கான முகாம் பதினாறாம் தேதி மாலை நான்கு மணியோடு முடிகிறது. அடுத்தது இரண்டு மாதம் கழித்து. அக்கா பதினாறாம் தேதி இரண்டு மணிக்கு, இரண்டு மாஸ்க் அணிந்து, மருத்துவரின் கடிதத்தோடு மண்டபத்தின் இரண்டாம் ஜன்னல் முன் நின்றாள். முந்தைய நாள்களில் ஊராரின் இருமலும் தும்மலும் அவளை ஒரு தெருவில்கூட நிம்மதியாக நடக்கவிடவில்லை. அதனால் கடைசி நாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கடிதத்தை வாங்கி ஈயடிச்சான் காப்பியாகக் கணினியில் ஏற்றினார். பெயர், வயது, தொழில். கடைசியாக "எதிர்ப்பு" என்று ஒரு கட்டம் இருந்தது. ஊசி போட்டுக்கொள்ள ஆட்சேபம் உண்டா இல்லையா என்று கேட்பதற்காக யாரோ ஒரு புண்ணியவான் வைத்த கட்டம் அது. ஜன்னல்காரர் கடிதத்தில் தேடினார். "இவருக்கு எதிர்ப்பு சக்தி மிகவும் குறைவு" என்று எழுதியிருந்தது. கட்டம் சின்னது. சக்தியை விட்டுவிட்டு, "மிகவும் குறைவு" என்று தட்டினார்.

கணினிக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை, உண்டு, இல்லை. குறைவு என்றால் இல்லை அல்ல. எனவே உண்டு. திரை சிவந்தது.

"மேடம், உங்களுக்கு எதிர்ப்பு இருக்கு."

"இல்லன்னுதானே கடிதத்துலயே எழுதியிருக்கு!"

"குறைவுன்னு எழுதியிருக்கு. குறைவா இருந்தாலும் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"அது உடம்புல இருக்கிற எதிர்ப்புங்க. எனக்கு எதிர்ப்பு கிடையாது."

"எதிர்ப்பு குறைவு இல்லன்னா சிறப்புப் பிரிவுல ஊசி தர முடியாதே."

"குறைவுதான்!"

"அப்போ இருக்கு."

பதினாறு வருடம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து ஊரை அலைக்கழித்தவள், வெளியே நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தாள். அதனால் மனம் திருந்தினாள் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் இத்தனை நாள் எங்கே இருந்தான் என்று வயிறெரிந்தாள்.

"எதிர்ப்பு உள்ளவங்க ஆறாம் அறைக்குப் போகணும். ஆலோசகர் உங்க மனசை மாத்துவார். மாத்தினதா கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு மாத்தணும்? நான் போடுங்கன்னுதானே வந்திருக்கேன்?"

"அதை அவர்கிட்ட சொல்லுங்க."

ஆறாம் அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஊசி என்பதே சூழ்ச்சி என்று நம்புகிறவர்கள். அவர்களில் ஏழு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். தொற்று என்று ஒன்று கிடையவே கிடையாது என்று விளக்கிக்கொண்டிருந்தவர் நடுநடுவே மூக்கைச் சிந்தினார். யாருக்கும் மாஸ்க் இல்லை. அக்கா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வைக்கிற ஒவ்வோர் அடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலை நோக்கிய அடி.

"வாங்க, உக்காருங்க. பயப்படாதீங்க" என்றார் ஆலோசகர் தேன் குழைத்த குரலில்.

"எனக்குச் சம்மதம். கையெழுத்துப் போடுங்க, போறேன்."

"இவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கிறவங்கதான் மேடம் ஊசியைப் பார்த்ததும் ஓடுவாங்க. ஒரு மணி நேரம் உக்காந்து பேசுவோம்."

"உள்ள வர மாட்டேன். இங்க உக்காந்தா நான் செத்துருவேன்."

"பாருங்க, பாருங்க, அந்தம்மாவே சொல்றாங்க!" என்று மூக்கைச் சிந்தியவர் குதூகலித்தார்.

ஆலோசகர் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். அக்கா இரண்டாம் ஜன்னலுக்குத் திரும்பி வருவதற்குள் கணினியில் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது: கடும் எதிர்ப்பு.

இனி ஒரே வழி, குடும்பத்தில் வயது வந்த ஒருவர் நேரில் வந்து, "இவருக்கு எதிர்ப்பு ஏதும் இல்லை என உறுதியளிக்கிறேன்" என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டுமாம். அக்கா கணவனுக்குப் போன் போட்டாள். அவன் ஏதோ ஒரு கட்டடத்தில் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தான்.

"எங்க அக்காவ அனுப்புறேன்" என்றான்.

"வேற யாரும் இல்லையா?"

"லிஃப்ட்ல என்கூட ஒருத்தர் இருக்கார். அவர அனுப்பவா?"

மூன்றரை மணிக்கு நாத்தனார் வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில், "மூணு மணிக்குத் தண்ணி குடிச்சியாடி?" என்றாள். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டி மருத்துவரின் கடிதத்தை ஒரு தடவையும் படிவத்தை இரண்டு தடவையும் படித்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"பொய் சாட்சிக் கையெழுத்து நான் போட மாட்டேன்."

"அண்ணி!"

"என்ன அண்ணி? இவருக்கு எதிர்ப்பு ஏதும் இல்லைன்னு போட்டிருக்கான். இல்லையா? உனக்கா? காலையில கதவைத் திறன்னா மூடுவே, மூடுன்னா திறப்பே. எழுத்துல கொடுத்துட்டு நாளைக்கு நான் எப்படி உன்கூடச் சண்டை போடுறது?"

அக்கா மூடிய பேனாவைப் பார்த்தாள். எல்லாம் இந்தக் கிழவியின் பேனாவில் நிற்கிறது. ஒரு வார்த்தை கெஞ்சினால் போதும். பத்தொன்பது வருடத்தில் கெஞ்சியதில்லை, நாக்குக்கு அந்த வழி தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜன்னல்காரருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா, வீட்டு ஆளே சொல்றாங்க. இவங்க சரியான எதிர்ப்பு கேஸ்தான். முகத்தைப் பார்த்ததுமே நினைச்சேன்."

அங்கேதான் அவர் கோட்டைவிட்டார். நாத்தனார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்னதைத்தான்..."

"நான் சொல்லுவேன். நான் சொல்ல இவ உடம்புக்குள்ள என்னோட உறுப்பே ஒண்ணு இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு? இவ முகத்துக்கு என்னய்யா குறைச்சல்? எழுதப் படிக்கத் தெரியாம கட்டம் ரொப்பிட்டு, சக்தியை எங்க விட்டீங்க? வீட்டுல விட்டுட்டு வந்துட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாத்தனார் பேனாவைத் திறந்தாள். அச்சடித்த வாசகத்தை ஒரே கோடாக அடித்தாள். அதன் கீழே கொட்டை எழுத்தில், "இவள் எதிர்ப்பது என்னை மட்டும்தான். ஊசியை அல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டு ஜன்னலுக்குள் தள்ளினாள்.

ஜன்னல்காரர் அதைப் படித்தார். யாரை எதிர்க்கிறார் என்பதற்குக் கணினியில் கட்டம் இல்லை என்றார். நாத்தனார் கட்டத்தைப் பற்றியும், அதை வைத்தவரைப் பற்றியும், அவரைப் பெற்றவர்களைப் பற்றியும் பேசத் தொடங்கினாள். அக்காவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு கட்சிகளும் ஒரே மேடையில் ஏறியது அதுவே முதல் தடவை. ஆனால் யார் பேசுவது என்பதில் மேடையிலேயே தகராறு.

"நீங்க சும்மா இருங்க அண்ணி, நான் பேசுறேன்."

"நீ பேசித்தானே ரெண்டு மணியிலேர்ந்து நிக்கிற?"

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், ஊசி போடும் அறையிலிருந்து நர்ஸ் தலையை நீட்டினாள். "யாரு இங்க கத்துறது? குப்பியில ஒரு ஊசி மிச்சம் இருக்கு. திறந்த குப்பி, நாலு மணிக்குக் கொட்டணும். போட ஆள் இருக்கா இல்லையா?"

"இருக்கு!" என்றார்கள் இரண்டு பேரும்.

"அவங்க கடும் எதிர்ப்பு" என்றார் ஜன்னல்காரர்.

நர்ஸ் மருத்துவரின் கடிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். அக்கா ஏற்கெனவே சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டியிருந்தாள்.

"இந்த எதிர்ப்பை நான் பார்த்துக்கிறேன். வாங்கம்மா."

ஊசி இறங்க மூன்று விநாடி ஆயிற்று. பிறகு அரை மணி நேரம் கண்காணிப்பு பெஞ்ச். மண்டபத்தின் முன்கதவைப் பூட்டிவிட்டார்கள். ஜன்னல்காரர் மட்டும் வியர்த்து வழிய மாட்டிக்கொண்டிருந்தார். போட்ட ஊசியைக் கணக்கில் ஏற்ற வேண்டும், கணினியோ கடும் எதிர்ப்புக்காரிக்கு ஊசி ஏறியதாக ஒப்புக்கொள்ள மறுத்தது. தேடித் தேடி, கையைக் காலை உதைத்து அழுகிற குழந்தைகளுக்காக வைத்திருந்த ஒரு வாசகத்தைக் கண்டுபிடித்துச் சீட்டை அச்சடித்து, மூலையில் ஒரு முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

அக்கா வாங்கிப் படித்தாள். "எதிர்ப்பையும் மீறிச் செலுத்தப்பட்டது."

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "இது சரியா இருக்கு" என்றாள்.

அக்காவுக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மேலாளருக்கு வேண்டியது ஊசியும் தேதியும். இரண்டும் இருந்தன. இன்றைய தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். ஒன்றாம் தேதிக்குள் இரண்டு வாரம் முடிந்துவிடும். சீட்டை மடிக்கப் போனவள் நிறுத்தினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஜன்னலை விரலால் தட்டினாள்.

"என்ன மேடம் இன்னும்?"

"சரியா விழலையே. மங்கலா இருக்கு. இன்னொரு தடவை குத்துங்க."

உள்ளே பையை மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ் பதறிப்போய் ஓடி வந்தாள். "அம்மா, அதெல்லாம் நல்லாத்தான் விழுந்திருக்கு! இன்னொரு தடவை குத்தணும்னா ஆறு மாசம் ஆகணும்!"

"உன்னைச் சொல்லலம்மா. முத்திரையைச் சொன்னேன்" என்றாள் அக்கா, ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.