அம்மா உயரத்துக்கு ஒரு மேஜை

எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் போர்டு கடை. உள்ளே வருகிறவர்கள் முதலில் அப்பாவைப் பார்க்க மாட்டார்கள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி போர்டைத்தான் பார்ப்பார்கள். நல்ல கனமான கண்ணாடி, ஆள் நீளம் இருக்கும். பச்சைப் பின்னணியில் தங்க நிறத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை ஒன்றின் பெயர். அப்பா எழுதி முடிக்கிற சமயத்தில் அந்தக் கடையின் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு, பெயரையும் மாற்றிவிட்டார்கள். கேட்பாரில்லாமல் போன போர்டு எங்கள் சுவருக்கு வந்து சேர்ந்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும், அப்படி ஒரு ஜவுளிக்கடை உலகத்தில் கிடையாது என்று. இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் அப்பாவுக்கு வேலை கொடுத்தார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெயரும் அதுதான்.

கண்ணாடியில் எழுதுவது தலைகீழ் வேலை. பின்பக்கமிருந்து, வலமிருந்து இடமாக எழுத வேண்டும். மரப்பலகையில் கடைசியாகப் போடுகிற ஓரக்கோட்டை இதில் முதலில் போட வேண்டும். அதன்மேல் எழுத்தை நிரப்பி, நிழல் தீட்டி, எல்லாம் காய்ந்த பிறகே பின்னணி நிறம். ஓரக்கோடு பிசகியிருந்தால் மேலே எத்தனை பூசியும் பிரயோஜனமில்லை. அப்பாவுக்குப் பிசகாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வேறு யார் எழுதிய போர்டைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்குவார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், தொண்ணூறுகளின் தொடக்கம், சேத்தூர் போகிற வழியில் ஒரு மதில் சுவரில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தபோது சாரக்கயிறு அறுந்து அப்பா கீழே விழுந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது மணிக்கட்டு மட்டும் நொறுங்கிப்போனது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை.

"தை பொறக்கட்டும், தானா மடங்கிரும்" என்றார் கட்டுப்போட்ட வைத்தியர்.

அம்மா அதை அப்படியே நம்பினாள். தினமும் காலையில் அப்பாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் தேய்த்து, விரல் விரலாக மடக்கிப் பார்ப்பாள். ஒரு விரல் துளி அசைந்துவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருக்கும். அப்பா கையைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

கடை மூடியே கிடந்தது. தூரிகைகள் காய்ந்து விறைத்துப்போயின. பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அம்மா விசாரித்துவிட்டு வந்தாள். அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, தச்சு வேலை செய்கிற என் மாமா, ஒரு யோசனையோடு வந்தார். மதுரையில் இப்போது வண்டிகளுக்கெல்லாம் பெயிண்ட் கிடையாது, ஸ்டிக்கர்தான் என்றார். எழுத்தை பிளேடால் வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வேன் ஸ்டாண்டில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆடிப்பூரத் தேருக்குள் அங்குள்ள எல்லா வேன்களுக்கும் பெயரும் நம்பரும் வெட்டித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அது சரியாக அமைந்தால் கடை நிலைக்கும். இல்லையென்றால் அம்மா தறிக்கூடத்துக்குப் போக வேண்டியதுதான், கடையைக் காலி செய்து முன்னறையை வாடகைக்கு விட வேண்டியதுதான்.

வெட்ட வேண்டியவள் அம்மா. ரவிக்கைத் துணி வெட்டிப் பழகிய கை அவளுடையது. ஆனால் பலகைமேல் ஸ்டிக்கரை வைத்து வெட்டினால் பிளேடு மரத்தின் ரேகைக்குள் இறங்கி, ரேகை போகிற பக்கமே இழுத்துக்கொண்டு போனது. முதலில் வெட்டிய எழுத்துகள் காய்ச்சலில் படுத்து எழுந்தவை மாதிரி இருந்தன. கண்ணாடிமேல் வைத்து வெட்ட வேண்டும், அடியில் டியூப் லைட் எரிந்தால் எழுத்து வரைந்த மாதிரித் தாளின் கோடு மேலே தெரியும் என்று அப்பா சொன்னார். மாமா ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மா முழங்கையை ஊன்றினாள். கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது.

அப்பா எதிர்ச் சுவரையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அத எறக்கு" என்றார்.

மாமாவுக்குக் கை ஓடவில்லை. "வேற எங்கயாச்சும் கேட்டுப் பாப்பம் அத்தான்."

"இம்புட்டுக் கனத்துல எவன் தருவான்? எறக்குலே."

போர்டைத் தரையில் சாக்கு விரித்துக் குப்புறப் போட்டார்கள். தின்னர் ஊற்றித் துடைத்தால் நொடியில் போய்விடும் என்று மாமா சொன்னதை அப்பா காதில் வாங்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் பிளேடைப் பிடித்து, தானே சுரண்டத் தொடங்கினார். முதலில் பச்சை போயிற்று. மறுநாள் நிழல், அதற்கப்புறம் தங்கம். கடைசியாகப் பூசியது முதலில் போய், முதலில் போட்ட ஓரக்கோடு மட்டும் மிஞ்சியது. வெறும் கண்ணாடியில் மெல்லிய கறுப்புக் கோடாக அந்தப் பெயர் நின்றது. அப்பா பிளேடை வைத்துவிட்டு டீ கேட்டார். குடித்து முடித்ததும் அதையும் சுரண்டினார்.

நான் அழுது புரண்டேன். சாப்பிட மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கெஞ்சவில்லை, அடுத்த வேளை நானே தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அம்மாமேல்தான் ஆத்திரம். அவள் கண் கலங்கக்கூட இல்லை. உதிர்ந்த தங்கத் தூளையும் பச்சைத் தூளையும் விளக்குமாற்றால் கூட்டி அள்ளிக்கொண்டே, "ஏட்டி, போர்டுதான போச்சு? கை சரியானா ஒங்கப்பா இதவிட நல்லா எழுதுவாக" என்றாள்.

மாமா வேப்பஞ் சட்டத்தில் மேஜை செய்தார். கண்ணாடி அசையாமல் இருக்க, அது உட்காருகிற பள்ளத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டினார். கால்களை மட்டும் நீளமாகவே விட்டுவைத்திருந்தார். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "ஒசரம் எம்புட்டு வைக்கணும் அத்தான்?" என்று கேட்டார்.

அப்பா நெடிய ஆள். அம்மா அவர் தோளுக்குக் கீழே. பதிலை அம்மாதான் சொன்னாள்: "அவுக நின்னு எழுதுத ஒசரத்துக்கே போடு. அதுவரைக்கும் நான் ஒரு பலகையப் போட்டு ஏறி நின்னுக்கிடுதேன். தை பொறந்தா அவுகதான நிக்கப் போறாக."

"வேண்டாம். ஒன் ஒசரத்துக்கே இருக்கட்டும்" என்றார் அப்பா.

"பொறவு குனிஞ்சு குனிஞ்சு ஒங்க முதுகு போயிருமே?"

அப்பா மாமாவின் பையிலிருந்து நூலை எடுத்தார். ஒரு நுனியைக் கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு, மறு நுனியை இடது கையால் அம்மாவின் முழங்கை வரை இழுத்துப் பிடித்தார். வலது கை பக்கத்தில் சும்மா தொங்கியது. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதுதான் அளவு. அறுத்துரு" என்று நூலை மாமாவிடம் நீட்டினார்.

மாமா நான்கு கால்களையும் அறுத்தார். அம்மா அடுப்படிக்குள் போனாள். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

அந்த மேஜைதான் எங்களைக் காப்பாற்றியது. வேன் ஸ்டாண்டு வேலை தேருக்கு முன்பே முடிந்தது. அம்மா தறிக்கூடத்துக்குப் போகவேயில்லை. ஆனால் அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தனை பெரிய போர்டு போனதற்கு அழாதவள், துண்டு துண்டாக விழுந்த கட்டைக்கு அழுகிறாளே என்றுதான் தோன்றியது. கை இனி வராது என்று அப்பாவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அதை அவர் அம்மாவிடம் வாய் திறந்து சொன்னதில்லை. அன்றைக்கு முழங்கையில் வைத்த நூலால்தான் சொன்னார். இதெல்லாம் எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் புரிந்தது.

அப்போது தெரிந்ததெல்லாம் மேஜை குட்டையாகிவிட்டது, அதனால் அம்மா அழுகிறாள் என்பது மட்டும்தான். முன்னறைக்கு ஓடிப்போய் அறுத்துப் போட்டிருந்த நான்கு கட்டைகளையும் பொறுக்கி, பாவாடையில் ஏந்திக்கொண்டு மாமாவிடம் நீட்டினேன்.

"இதத் திரும்ப ஒட்டிருங்க மாமா. அம்மா அழுதுக்கிட்டிருக்கா."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து, என் பாவாடையிலிருந்து கட்டைகளை ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்து, அடுப்புக்கு ஆகும் என்று ஓரமாக அடுக்கினார்.