முனிரத்தினம் எங்கிருந்தாலும்

முனிரத்தினத்தைக் காணவில்லை என்று மைக்கில் மூன்று முறை அறிவித்த பிறகுதான், அவர் சித்திரையிலேயே இறந்துபோனவர் என்று எனக்குத் தெரிந்தது. விதிப்படி என்மேல் பிழையில்லை. அறிவிப்புக்கு வேண்டியவை பெயர், ஊர், உடை. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லை.

எழுபதுகளில் ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணி தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு ஆளுக்கொரு டூட்டி போடுவார்கள். உச்சரிப்பு சுத்தம் என்று எனக்கு மைக். மலையடிவாரக் குளத்தங்கரையில் கீற்றுக் கொட்டகை. பாதை நெடுகக் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில் என் குரல் ஏறிப்போய், மலையில் முட்டி, சற்றுத் தாமதமாக வேறு யாருடைய குரலோ போலத் திரும்பி வரும். கீழே பூக்காவடிகள் தண்ணீரில் மிதப்பதுபோல நகரும். பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் விழித்திருக்கிறோமா என்று சந்தேகம் வரும்.

இது நடப்பதற்கு முந்தைய பங்குனியில்தான் என் தங்கை சரோஜா மஞ்சள் காமாலையில் இறந்திருந்தாள். உரிய விடுப்பு எடுத்தேன். முடிந்த மறுநாள் காலை ஆபீசில் இருந்தேன். "ஆளு அசரலையே" என்றார் டெபுடி தாசில்தார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று ஆளைக் காணவில்லை என்று கொட்டகைக்கு வந்த கன்னியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும்.

"காணாமப்போனது யாரு?"

"வூட்டுக்காரரு. முனிரத்தினம். மணவூரு."

"உடை?"

"மஞ்ச வேட்டி. தோள்ல பூக்காவடி."

அன்று அந்த அடையாளத்தில் ஊரே இருந்தது. "மணவூர் முனிரத்தினம் அவர்களே, எங்கிருந்தாலும் உடனே குளத்தங்கரை ஒலிபெருக்கி நிலையத்துக்கு வரவும்." ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, பெயர் மலையிலிருந்து திரும்பி வரும்வரை காத்திருந்தார்.

மூன்றாவது அறிவிப்பில் கன்னியம்மாளின் தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"இன்னா சார் பண்ணிகினு கீறீங்க? பாவா, அதான் அக்கா வூட்டுக்காரரு, சித்திரையிலயே செத்துப் பூட்டாரு சார்! தீட்டு வூடு. ஒரு வருசத்துக்கு மலை ஏறக்கூடாது. சொல்லாம வந்து இங்க குந்திகினு கீது. யக்கா, ஏந்திரு! நாளைக்கே உன்ன கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரில சேக்கறனா இல்லையா பாரு."

சத்தம் கேட்டு டெபுடி தாசில்தாரும் வந்துவிட்டார். "பைத்தியத்துக்கெல்லாம் மைக் குடுப்பியாய்யா? போலீஸ்ல ஒப்படைச்சுட்டு வேலையப் பாரு."

கன்னியம்மாள் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "எனக்குப் பைத்தியம் இல்ல சார். அவரு செத்தது எனக்குத் தெரியாதா? நான்தான வாயில பாலு ஊத்தினேன். வூட்ல யாரும் அவரு பேர எடுக்கறதில்ல. அழுதா, புள்ளைங்க பயப்படும், சும்மா இருங்கறாங்க. போன வருசம் ஆடிக் கிருத்திகைல இங்கதான் தொலஞ்சாரு. மைக்ல கூப்டாங்க. சிரிச்சிகினே வந்தாரு. அந்தப் பேரு இன்னொரு வாட்டி காதுல உழணும்னு வந்தேன்."

"உழுந்திச்சாம்மா?" என்றார், என் பக்கத்தில் ஆம்ப்ளிபயரைக் கவனித்துக்கொண்டிருந்த மைக்செட் பாபு.

"ஆங்" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தம்பி வாயைப் பொத்தப் போனான்.

"விடுப்பா. இங்கே அழக்கூடாதென்று விதி எதுவும் இல்லை" என்றேன். எனக்குத் தெரியாத விதி இருக்க முடியாது என்பது டெபுடி தாசில்தாருக்கும் தெரியும். முறைத்துவிட்டு நகர்ந்தார்.

ஆனால் விதியில் வேறொரு சிக்கல் இருந்தது. தொடங்கிய அறிவிப்பை முடித்தாக வேண்டும். ஆள் கிடைத்துவிட்டார் என்று முடிக்கலாம், இல்லாவிட்டால் போலீசுக்குத் தகவல் தந்தாகிவிட்டது என்று முடிக்கலாம். மூன்றாவது வழி கிடையாது. அழுகை ஓய்ந்ததும், புகார் கொடுத்தவரையே கேட்டேன். "எப்படிம்மா முடிக்கட்டும்?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "வர வேணாம்னு சொல்லுங்க சார். நான் வூட்டுக்குப் போறேன்னு சொல்லுங்க."

சொன்னேன். "மணவூர் முனிரத்தினம் அவர்களே, எங்கிருந்தாலும் நீங்கள் வர வேண்டியதில்லை. கன்னியம்மாள் வீட்டுக்குப் புறப்படுகிறார்."

மலை அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை தம்பி அசையாமல் நின்றான். பிறகு அக்காவின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். "பாவாக்கு எப்பவும் அந்தச் சிரிப்புதான்" என்றான், யாரிடம் என்றில்லாமல். கீழ்ப்பாக்கம் பற்றிப் பேச்சில்லை. இருவரும் காவடிக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் மெதுவாகப் போனார்கள்.

மனதில் இருப்பதை அறிந்து ஏற்றுக்கொள்வதற்கு இப்போது வகுப்பெல்லாம் நடக்கிறதாம். நடக்கட்டும். நான் கற்ற நடைமுறை சிறியது: உள்ளே இருப்பதைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்தால் உட்கார இடம் தர வேண்டும். அது எழுந்து போகும்வரை அவசரப்படுத்தக் கூடாது.

விளக்கு வைக்கும் நேரம் குழாய்களைச் சோதிக்க "ஹலோ, டெஸ்டிங்" என்று சொல்வது வழக்கம். மைக்கைப் பிடித்தேன். என் வாயில் வந்தது "சரோஜா" என்றுதான்.

பாபு என்னை நிமிர்ந்து பார்த்தார். கை ஆம்ப்ளிபயரின் ஒலிக் குமிழில் இருந்தது. குறைக்கவில்லை.

மலையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பங்குனியில் அசராத நான் அப்போதுதான் அசர ஆரம்பித்தேன்.