பெரட்டுக் களத்து இரும்பு

விஜயகலாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுவதிலும் தப்பில்லை. வானம் கறுத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மழை விட்ட பிறகும், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பதினாறு வயதில் அவள் இப்படி இல்லை. ருவான்வெல்லைக்கு மேலே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து அவளும் ஷாமிளாவும் ஹில்டாவாகிய நானும் 'பிங்க் ஸ்டார்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போய் டிவியில் பாடினோம். மூன்று பேருக்கும் ஒரே ரோஸ் கலர் சட்டை. தமிழில் ஒரு சீடி, சிங்களத்தில் ஒரு பாட்டு. அந்தச் சிங்களப் பாட்டு அவிசாவளை பஸ்களில் எல்லாம் ஓடியது. ஒருமுறை மேடையில் கரண்ட் போனது. நானும் ஷாமிளாவும் அலறினோம். கலா மட்டும் மைக் இல்லாமலே பாடி முடித்தாள்.

பிறகு அவரவர் பிழைப்பு. ஷாமிளா குவைத்துக்குப் போனாள். நான் தோட்டத்தில் இருந்துகொண்டே கார்மெண்ட் ஃபேக்டரிக்குப் போய் வந்தேன். கலா அரநாயக்கப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அங்கே மலை சரிந்த அன்று அவள் புருஷன் மண்ணுக்குள் போய்விட்டான். கைக்குழந்தைக்கு மருந்தெடுக்க டவுனுக்குப் போயிருந்ததால் தாயும் மகளும் மிஞ்சினார்கள். யாராவது ஒருத்தர் சத்தம் போட்டிருந்தால் போதுமே என்று அவள் சொல்லாத நாளில்லை.

எங்கள் தோட்டத்துக்கே திரும்பி வந்து ரப்பர் பால்வெட்டு வேலையில் சேர்ந்தவள், ஒரு பழைய தண்டவாளத் துண்டைத் தேடிப் பிடித்துப் பெரட்டுக் களத்துப் பலாமரத்தில் தொங்கவிட்டாள். காலையில் எல்லாரும் கூடிப் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குப் பிரிகிற இடம் அது. மலையில் வெடிப்புக் கண்டாலோ ஓடைத் தண்ணீர் கலங்கினாலோ அவள் இரும்பை அடிப்பாள். கேட்டவர்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, மலைக்கு எட்ட இருக்கிற ஸ்கூலுக்கு ஓட வேண்டும். கல்யாணமோ திருவிழாவோ, வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சனங்கள் சிரித்தார்கள். ஆனாலும் அவள் அடித்தபோதெல்லாம் ஓடினார்கள்.

போன வருஷம் எங்கள் பழைய பாட்டை யாரோ போனில் ஏற்றிவிட, அது ஊரெல்லாம் சுற்றியது. கிருஷ்ணராஜ் என்கிற இசையமைப்பாளர் எங்களைத் தேடி வந்தார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு புது ஆல்பம் பாட வேண்டுமாம். ஷாமிளா குவைத்திலிருந்து வந்தேவிட்டாள். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் இன்னொரு தடவை மைக் முன்னால் நிற்கப்போகிறேன், சும்மாவா?

தோட்டத்துச் சத்தங்களைப் பதிவு செய்ய வந்த கிருஷ்ணராஜ் அந்த இரும்பைப் பார்த்துவிட்டார். அதன் ஓசை பாட்டுக்கு வேண்டும் என்றார். கலா முடியாது என்றாள். நல்ல வெயில் நாள், லயங்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன என்று நாங்கள் நச்சரித்ததில் கடைசியில் தலையாட்டினாள். சொல்லிவிட்டு வரும் பொறுப்பை ஷாமிளா எடுத்துக்கொண்டாள். காலையில் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் வந்தாள். அந்த நேரத்தில் லயத்தில் நோயாளிகளும் குழந்தைகளும்தான் இருப்பார்கள், மற்ற அத்தனை பேரும் மேலே ரப்பர் மரத்தடியில் பால் வெட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது குவைத்தில் இருந்தவளுக்கு மறந்துபோயிற்று. எந்த நேரத்தில் போனாள் என்று நாங்களும் கேட்கவில்லை.

மூன்றே அடி. மலை முழுக்கக் கேட்டது. பால் வாளிகளை எறிந்துவிட்டுச் சனம் உருண்டு புரண்டு ஓடி வந்தது. எங்கள் லயத்து டெனிஸ் அண்ணன் கல் படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். வாளியில் இருந்த பால் அத்தனையும் மண்ணோடு போனது. வந்தவர்கள் கிருஷ்ணராஜின் மெஷினைப் பார்த்தார்கள், கலாவைப் பார்த்தார்கள். அவர்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

பாட்டின் மாதிரிப் பதிவு வந்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. இரும்பு விழுகிற இடம் அப்படி. இதுதான் ஹிட் ஆகும் என்று கிருஷ்ணராஜ் சொன்னார். ஷாமிளா அதை இளவட்டங்களுக்கு அனுப்ப, இரண்டே நாளில் அந்த மூன்று அடி த்ரீவீல் ஆட்டோவிலும் கடையிலும் கேட்க ஆரம்பித்தது. கலா வெளிறிப்போனாள்.

"முட்டாயி வாங்குறப்பவும் இரும்பு, பஸ்ஸுக்கு நிக்கிறப்பவும் இரும்பு. அப்புறம் நான் அடிச்சா எவன் ஓடுவான், ஹில்டா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன் பயத்தை உன் சேலையில் முடிந்து வைத்துக்கொள், எங்கள் தலையில் கட்டாதே என்று கத்தினேன். பாட்டிலிருந்து இரும்பை எடுக்காவிட்டால் என் குரலை எடுத்துவிடுங்கள் என்று அவள் கிருஷ்ணராஜுக்குச் சொல்லிவிட்டாள். அவள் குரல் இல்லாமல் ஆல்பமே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை அடித்து ஊற்றியது. நாலு மணி போல கலா ஓடையைப் பார்க்கப் போனாள். சண்டையை முடித்துவிடலாம் என்று நானும் குடையோடு பின்னாலேயே போனேன். தண்ணீர் கலங்கி, பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அவள் ஓடிப்போய் இரும்பை அடித்தாள்.

ஒரு கதவும் திறக்கவில்லை. மறுபடி அடித்தாள். லயத்துக்குள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன கலா, அடுத்த பாட்டா?"

இத்தனை வருஷமாக அவள் எதற்குப் பயந்தாள் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது. மலை வருவதற்கு மட்டுமில்லை. மலை வரும்போது கதவுகள் இப்படி மூடிக்கிடப்பதற்கு. நான் கதவு கதவாகத் தட்டினேன். போ பிள்ள, வேலையைப் பார் என்றார்கள். கலா நிறுத்தவே இல்லை. அவள் உள்ளங்கை கிழிந்து இரத்தம் மழையில் வழிந்தது.

முதலில் திறந்தது டெனிஸ் அண்ணனின் கதவு. எங்களைச் சபிக்க அந்த லயத்தில் அவருக்குத்தான் முதல் உரிமை. மாவுக்கட்டுக் காலோடு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு முற்றத்து மழையில் இறங்கினார்.

"காலு ஒடஞ்ச நானே வாறேன். ரெண்டு காலும் உள்ளவங்களுக்கு என்ன?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

ஸ்கூலில் உட்கார்ந்திருந்தபோது மேலே மரம் முறிகிற சத்தம் கேட்டது. மண் கடைசி லயத்துக் கோழிக்கூட்டை மூடிவிட்டு அதோடு நின்றது. எல்லாரும் இருக்கிறோமா என்று கலா முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். அங்கேயிருந்தே நான் கிருஷ்ணராஜுக்குப் போன் போட்டு இரும்பை எடுத்துவிடச் சொன்னேன். பாட்டின் உயிரே போய்விடுமே என்றார். போகட்டும் என்றேன்.

ஆல்பம் வந்தது. பெரிதாக ஓடவில்லை. மாதிரியை எல்லாப் போனிலிருந்தும் அழிக்கச் சொல்லி ஷாமிளா கெஞ்சித் திரிந்தாள். எத்தனை பேர் அழித்தார்கள் என்று தெரியாது. அந்தப் பாட்டில் இரும்பு விழ வேண்டிய இடத்தில் கிருஷ்ணராஜ் வேறு எதையும் போடவில்லை, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார். த்ரீவீலில் பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது லயத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். நானும் மலையைப் பார்க்கிறேன்.