எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுக்காத எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவின்முறையாருக்கும் சிநேகிதருக்கும், தங்கையாகிய நான் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட மலர்களில் இறந்தவரை எல்லாருக்கும் நல்லவர் என்று எழுதுவது வழக்கம். எங்கள் அண்ணன் எல்லாருக்கும் நல்லவராக இருந்ததில்லை; இருக்கப் பிரயாசப்பட்டதும் இல்லை.

ஹைகோர்ட்டு ஜட்ஜ் பதவி விஷயத்தை இதில் எழுத வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள். "போன கதையை என்னத்துக்குக் கிண்டுதே? நல்ல குணத்தை நாலு வரி எழுதி முடி" என்றார் சித்தப்பா. அந்த விஷயத்தை விட்டுவிட்டு அண்ணனின் குணத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் தாராளமாகக் கோபப்படட்டும்.

அண்ணன் பிறந்தது ஏரலுக்கு அடுத்த ஆற்றங்கரைக் கிராமத்தில். அப்பா அங்கே மிஷன் உபதேசியாராக இருந்தார்கள். அண்ணனுக்குப் பதினொரு வயதும் எனக்கு நாலு வயதும் ஆனபோது அப்பா வாந்திபேதியில் காலமானார்கள். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து, பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்கு அமர்ந்தார்கள். அந்தச் சமையற்கட்டுப் புகையில் அம்மாவின் கண் கெட்டது. அதே புகையில் உட்கார்ந்துதான் அண்ணன் படித்தார்கள். பிடிவாதக்காரர். வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் திரும்ப வாங்கமாட்டார்கள். "இவனைப் பெத்த நேரத்துல ஒரு பாறாங்கல்லைப் பெத்திருக்கலாம், துணி துவைக்கவாவது ஆகும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பிறகு சென்னப்பட்டணம் போய்ச் சட்டம் படித்து ஹைகோர்ட்டு வக்கீலானார்கள். கலியாணமானபின், கோடை விடுமுறை விட்டதும் மனைவியாகிய எங்கள் மதினியோடு பாளையங்கோட்டை வந்துவிடுவார்கள். வந்த அன்றைக்கே என் குழம்பில் உப்பு இல்லை என்று குறை சொல்வார்கள். பெண்கள் பள்ளியில் நூறு பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்கிற எனக்கு அண்ணனின் வாயை மட்டும் அடக்கத் தெரியவில்லை.

திருநெல்வேலியில் கலகம் நடந்து கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்த வருடத்தில், பிடிபட்ட வாலிபர்கள் சிலருக்காக வாதாட அண்ணன் பட்டணத்திலிருந்து இறங்கி வந்தார்கள். உடனே ஒரு கூட்டத்தார் அண்ணனை ராஜத்துரோகி என்றார்கள். அதே வருடத்தில் ஒரு போலீஸ் சேவகன்மேல், கடைக்காரர் ஒருவரை அடித்தான் என்று வழக்கு வந்தது. அவனுக்காக நிற்க ஊரில் ஒரு வக்கீலும் துணியவில்லை. அண்ணன் போய் நின்றார்கள். அடித்தவன் வேறொருவன் என்று சாட்சிகளின் வாயாலேயே வரவழைத்தார்கள். இப்போது மற்றக் கூட்டத்தார் போலீசின் கைக்கூலி என்றார்கள். ஒரு நாள் காலையில் எங்கள் வாசற்படியெல்லாம் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். நான் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அண்ணன் பல்லைத் துலக்கிக்கொண்டே வந்து பார்த்து, "ஏளா, எதுக்குக் கத்துதே? மெழுகுத வேலை உனக்கு மிச்சம்" என்றார்கள்.

சில வருடங்களுக்குப் பின் ஹைகோர்ட்டில் இந்தியருக்கென்று விடும் நாற்காலிகளில் ஒன்று காலியாயிற்று. பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை எழும்பியது. போகிற ஜட்ஜ் எப்போதும் சர்க்கார் பக்கமே தீர்ப்புச் சொன்னவர், ஆகையால் வருகிறவர் ஜனங்களின் கட்சியாக இருந்தால்தான் தராசு நேராகும் என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஜனக் கட்சிக்காரர் ஒருவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் வந்தால் தராசு சாய்ந்துவிடும் என்று இன்னொன்று எழுதியது. அந்தத் தராசின் முன்னால் வழக்கோடு வந்து நிற்கிறவன் கதி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த இழுபறியில்தான் அண்ணனின் பெயர் அடிபட்டது. இரண்டு பக்கத்தாரும் திட்டிய ஆள் என்பதால் இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பெயர் மேலே போய்விட்டது, அநேகமாக நிச்சயம் என்று பட்டணத்திலிருந்து மதினிக்குக் கடிதம் வந்தது. அப்போது கோடை விடுமுறை. எல்லாரும் இங்கே இருந்தோம்.

இனி எழுதப்போவது பலருக்குத் தெரியாது. எங்கள் சபையில் ஒரு வீட்டில் நன்மை நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கையோடு ஒரு சீட்டும் எழுதிக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர் அதை வாசிப்பார். பரீட்சை தேறினாலும் சீட்டு, பிரசவம் சுகமானாலும் சீட்டு, காணாமற்போன எருமை திரும்பி வந்தாலும் சீட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை குருவானவர் வாசித்த சீட்டில், நம் சபையின் மகன் ஹைகோர்ட்டு ஜட்ஜாக நியமனம் பெற்றதற்காக ஒரு குடும்பத்தார் ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள் என்று இருந்தது. நியமனமோ வரவில்லை, சர்க்கார் கெஜட்டில் ஓர் எழுத்தும் இல்லை. சபை முழுவதும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் மாலை வந்துவிட்டது, மேளத்துக்கும் ஆள் போய்விட்டது. அடுத்த வாரமே, ஹைகோர்ட்டு நாற்காலியை இப்போது பாளையங்கோட்டைக் கோவிலில் வைத்துப் பங்கு போடுகிறார்கள் என்று பட்டணத்துப் பத்திரிகையில் வந்தது. மிஷனாரிமாரின் ஆள், துரைமாரின் ஆள் என்று ஒரு பக்கத்தாரும், கெஜட்டுக்கு முந்தி மேளமடிக்கிறவர் என்று மறுபக்கத்தாரும் பிடித்துக்கொண்டார்கள்.

கடைத்தெருவில் பெருமையடித்துக்கொண்டு திரிந்த சித்தப்பாதான் அந்தச் சீட்டைக் கொடுத்திருப்பார் என்று குடும்பம் முழுவதும் நம்பியது, இன்றுவரை நம்புகிறது. சீட்டை எழுதியவள் நான். விசுவாசம் என்று நினைத்துத்தான் எழுதினேன். அது விசுவாசம் அல்ல, அவசரம். சித்தப்பா, இத்தனை வருடம் நான் வாங்க வேண்டிய ஏச்சை நீங்கள் வாங்கினீர்கள். அச்சிலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

அதன்பின் நம் ஊரில் பிறந்து பட்டணத்தில் பெரிய மனிதராக இருந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். நானும் மதினியும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணும் கெட்டுப் போயிரலவே. ரெண்டே வரி எழுதிக் குடும். கலகத்துல பிடிபட்ட பயலுவளுக்கு வாதாடுனது தொழிலுக்காவ, மனசு என்னைக்கும் சர்க்கார் பக்கந்தான்னு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார் வந்தவர்.

"போலீஸ்காரனுக்கும் வாதாடுனேனே அண்ணாச்சி, அப்போ மனசு எங்க இருந்துச்சுன்னு எழுதட்டும்?" என்றார்கள் அண்ணன்.

"அதை ஏன்வே இழுக்குதீரு? அதை அந்தப் பக்கத்தான்லா கேக்கணும்."

"கேட்டாச்சு. நேத்துதான் அவுக ஆளு வந்துட்டுப் போனாக. அவுகளுக்கும் ரெண்டு வரிதான் வேணுமாம். போலீஸ்காரனுக்கு நின்னது தப்புன்னு."

"அப்போ எந்தப் பக்கம்னுதான் சொல்லித் தொலையுமே. ஏதாவது ஒரு பக்கத்துக்காரனாவது ஒம்மைத் தூக்கி உக்கார வைப்பான்."

"நாளைக்கு எம் முன்னால ஒருத்தன் கையைக் கட்டிக்கிட்டு நிப்பான், அண்ணாச்சி. நான் எழுதிக் குடுத்தது ஊருக்கே தெரிஞ்சிருக்கும், அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். அவன் வாயைத் தொறக்கதுக்கு முன்னாலேயே வழக்கு முடிஞ்சு போவுமே. பொறவு நான் அங்கன உக்காந்து என்ன செய்ய?"

வந்தவர் மதினி கொடுத்தனுப்பிய காப்பியைத் தொடாமலே எழுந்து போனார். மதினி அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. என் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது. நேராக அண்ணனிடம் போய்ச் சீட்டு என்னுடையது என்று சொன்னேன்.

"தெரியும். நாலு வயசுலேருந்து பாக்குத கையெழுத்துதானே. சீட்டைக் குருவானவர் அன்னைக்கே காட்டிட்டாக."

"பொறவு ஏன் அண்ணே சொல்லல? சித்தப்பாவை எல்லாரும் பிடுங்கி எடுக்காக."

"சித்தப்பா தாங்குவாக. நீ தாங்கமாட்டே" என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு, "நீ சீட்டு எழுதலேன்னாலும் அவுக வந்து இதைத்தான் கேட்டிருப்பாக. நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். போ, போய்க் குழம்புக்கு உப்பைப் போடு" என்றார்கள். சித்தப்பாவைத் தாங்க விட்டது அண்ணன் செய்த பிழை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிழையினால் பிழைத்தவள் நான். அதைப் பேச எனக்கு வாயில்லை.

கெஜட்டில் வேறொருவர் பெயர் வந்தது. அவர் எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் நம் சொந்தக்காரர்கள்மேல்தான். கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும் "பிழைக்கத் தெரியாத மனுஷன், வந்த சீதேவியை வாசலோடு அனுப்பிட்டான்" என்று அண்ணனின் காதுபடவே பேசினீர்கள். சொன்னவர்களில் பலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஆம், அண்ணனுக்கு அப்படிப் பிழைக்கத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்காக நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.

ஐரோப்பிய யுத்தம் தொடங்கியபின் அண்ணன் பட்டணத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கே வந்து ஜில்லாக் கோர்ட்டில் வழக்கு நடத்தினார்கள். நீரிழிவினால் காலில் புண் வந்து ஆறவில்லை. கட்டுப் போட்ட காலோடு ஜட்கா வண்டியில் ஏறிக் கோர்ட்டுக்குப் போவார்கள். எதிர்க்கட்சி வக்கீலே எழுந்து, அண்ணன் உட்கார நாற்காலி போடுவார். கடைசி மூன்று வாரமும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அப்போதும் தலையணைக்கடியில் ஒரு நிலவழக்குக் கட்டு இருந்தது. அதைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்ட மறுநாள் பகலில், மதினி கையைப் பிடித்திருக்கையில், அமைதியாக உயிர் பிரிந்தது.

அந்த நாட்களில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சு அம்மாளுக்கும், அடக்க ஆராதனை நடத்திய குருவானவருக்கும், பெட்டியைச் சுமந்த வக்கீல் சிநேகிதருக்கும் எங்கள் நன்றி. எட்டு நாளும் எங்கள் அடுப்பை மூட்டவிடாமல் சாப்பாடு அனுப்பிய எதிர்வீட்டுப் பிள்ளையவர்கள் குடும்பத்தை மதினி ஜெபத்தில் நினைக்காத நாளில்லை. எல்லாருக்கும் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்திய சித்தப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி போதாது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் சமயத்தில் ஹைகோர்ட்டில் மறுபடியும் ஒரு நாற்காலி காலியாகியிருக்கிறது. மறுபடியும் அதே சர்ச்சை. போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவர், அண்ணன் உள்ளத்தில் என்றும் ஜனக் கட்சியே, அந்தக் கட்சிக்கு அன்று அநியாயம் செய்தார்கள், ஆகையால் இந்த முறை தங்கள் ஆளை உட்காரவைத்து அதை நேர்செய்ய வேண்டும் என்று ஒரு காகிதம் எழுதிக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். மூன்றாம் நாள் வந்தவரின் காகிதத்தில் அண்ணன் சர்க்காரின் உண்மையான விசுவாசியாக இருந்தார்கள். முதலில் வந்தவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். இரண்டாமவர் லேசில் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, அவுகதான் போயிட்டாகளே. இனி ஒரு கையெழுத்துப் போடுததுல அவுகளுக்கு என்ன நட்டம்? எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார்.

"எனக்குத் தெரியாது ஐயா. கேக்கணும்னா அவுகளையே கேளுங்க. கல்லறைத் தோட்டம் அந்தா, கோவிலுக்குப் பின்னாலதான் இருக்கு" என்றேன்.