மழை என்று மட்டும் சொன்னேன்

காற்று வருவது தெரிந்திருந்தும் மழை என்று மட்டும் சொன்னேன். அதனால் மூட்டை தூக்கிப் பிழைத்த ஒருவரின் வலது கை போயிற்று. கவனக்குறைவு என்று முதலில் நாலைந்து பேரிடம் சொன்னேன். அது பொய்.

வானிலை ஆய்வு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொச்சியில், மட்டாஞ்சேரியில் குடியிருக்கிறேன். என் தெரு முடியும் இடத்தில் சுக்குக் கிடங்குகள் தொடங்குகின்றன. அங்கே வேலை செய்பவர்களில் பலர் சங்கரன்கோவில், தேனிப் பக்கத்துத் தமிழர்கள். அரசின் எச்சரிக்கை அவர்கள் கைபேசிக்கு மலையாளத்தில் வரும்; அவர்களால் வாசிக்க முடியாது. நான் ராடார் படத்தைப் பார்த்துவிட்டு மதியத்தில் ஒரு குரல்செய்தியைத் தமிழில் பேசி கிடங்கு வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். யாரும் கேட்டுக்கொண்டு நான் இதை ஆரம்பிக்கவில்லை. எனக்கு ஒரு மரியாதை வேண்டியிருந்தது.

ஒவ்வொரு கிடங்கிலும் சுற்றுச்சுவர் வைத்த முற்றம் உண்டு. கோடையில் அங்கே சுக்கைப் பரப்பிக் காயவைப்பார்கள். மழை என்றால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் வெளியே ஓடித் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். கடுங்காற்று என்றால் ஒருவரும் வெளியே வரக் கூடாது. மழைச் செய்தி ஆளை வெளியே அனுப்பும், காற்றுச் செய்தி உள்ளே நிறுத்தும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கை போன நாளுக்கு முந்தைய வாரம் காற்று என்று எச்சரித்திருந்தேன். சுக்கைப் பரப்பாமல் வைத்திருந்தார்கள். நாள் முழுக்க வெயில் கொளுத்தியது. மறுநாள் சாயாக்கடையில் கிடங்கு மேஸ்திரி என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினான்.

"சாரு காத்தடிக்கும்னாரு. அவரு வீட்டு ஃபேன் அடிச்சதத்தான் சொன்னாரு போல."

கடை முழுக்கச் சிரித்தது. கிடங்கு மேலாளர், மலையாளி, சிரிக்கவில்லை. "சாரே, காத்து கீத்துன்னு சொல்லி ஆளுகளப் பயப்படுத்த வேண்டா. மழ உண்டோ இல்லையோ, அது மாத்ரம் சொன்னா மதி" என்றார். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த ஏப்ரல் பகலில் கிழக்கு மலைப்பக்கமிருந்து இடிமேகம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. காயலை நெருங்கும்போது கடற்காற்று அதன் அடியில் நுழைந்தது. ராடாரில், நம்மை நோக்கி வரும் காற்றின் நிறமும் நம்மைவிட்டுப் போகும் காற்றின் நிறமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மேகத்துக்குள் காற்று சுழல்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சுழல் தரையைத் தொடும் என்று உறுதியில்லை. பெரும்பாலும் தொடாது. ஆனால் தொட்டால் கூரை மிஞ்சாது.

"பலத்த சுழல்காற்று வரலாம், யாரும் வெளியே நிற்காதீர்கள்" என்று பேசிப் பதிவு செய்தேன். அனுப்பும் முன் மேஸ்திரியின் முகம் நினைவுக்கு வந்தது. அழித்தேன். "மழை வருது, மூடிக்குங்க" என்று மட்டும் பேசி அனுப்பினேன். மழைதானே கேட்டீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். இதைச் சொன்னேன் என்பதை மறைத்துவிட்டு மற்றதை எழுதிப் பயனில்லை.

அவர்கள் ஓடினார்கள். தார்ப்பாயின் கயிறு ஈரக்கையில் வழுக்கும் என்று அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம். காற்று தார்ப்பாயின் அடியில் புகுந்தது. மற்றவர்கள் கயிற்றை உதறிவிட்டார்கள். ஒருவரால் முடியவில்லை. தார்ப்பாய் அவரைச் சுவர் உயரத்துக்குத் தூக்கி ஓட்டுக்கூரையின் விளிம்பில் அடித்தது. தோளில் நரம்பு அறுந்து வலது கை செயலற்றுப் போனது.

செய்தி கேட்டதும் நான் மருத்துவமனைக்குப் போகவில்லை. கிடங்குக்குப் போனேன். ஓடுகள் எந்தத் திசையில் சிதறியிருக்கின்றன என்று பார்த்தேன். ஒரே திசையில் விழுந்திருந்தால் மேகத்திலிருந்து இறங்கிய காற்று, வட்டமாக விழுந்திருந்தால் சுழல். வட்டமாகத்தான் தெரிந்தது. என் கணிப்பு சரி என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நெஞ்சை அறைய எனக்கு இன்றும் கை எழுகிறது.

அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் போய்ப் பார்த்தேன். ஒற்றை அறை. நான் வாயைத் திறந்ததும் அவர் மனைவி நிமிர்ந்தாள்.

"நீங்கதான அந்தக் குரலு?"

ஆமாம் என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"காத்து வரும்னு தெரிஞ்சா சொல்லல?"

"தெரிஞ்சுதான்."

"ஏன் சார்?"

"என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

"சிரிச்சதுக்கா?"

"சிரிச்சது அந்த மேஸ்திரி. கை போனது இவருக்கு" என்றாள் அவள். "போங்க. சாயா குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்ற எடம் இல்ல இது."

தெரிந்தே மறைத்தேன் என்பதைக் குழுவிலும் என் குரலில் சொன்னேன். மேலாளரிடம் போய், கை போனவருக்குக் காவல் வேலையாவது கொடுங்கள் என்றேன். "சாருதானே மழன்னு சொன்னது? சாரே கொடுக்கட்டும் வேல" என்றார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சொன்னதில் தவறில்லை என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

அதன்பின் செய்தி அனுப்பும் முறையை மாற்றினேன். வானத்தில் என்ன நடக்கிறது என்று விளக்குவதில்லை. அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அடுத்த கோடையில் மறுபடி அந்த இரண்டு நிறங்களும் ஒட்டி நின்றன. "யாரும் முற்றத்துக்குப் போகாதீங்க. சுக்கு நனையட்டும். திட்டினா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று அனுப்பினேன்.

யாரும் வெளியே போகவில்லை. மேஸ்திரியும்தான். மழை கொட்டியது. காற்று ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லை. பரப்பியிருந்த சுக்கு முழுவதும் ஊறிப் பாழானது. மேலாளர் குழுவிலேயே என்னைக் கிழித்துவிட்டு, குழுவைவிட்டே வெளியே தள்ளினார்.

சாயங்காலம் கை போனவர் அழைத்தார். அதுவரை அவர் எனக்கு அழைத்ததே இல்லை.

"காத்து வரலையாமே சார்?"

"வரலை."

"சுக்கு போச்சாம்."

"போச்சு."

"எல்லாரும் உள்ள ஒக்காந்து பீடி குடிச்சிட்டு இருந்தாங்களாம். என் வீட்டுக்காரி வந்து சொன்னா." பிறகு அவர் குரல் உடைந்து ஏறியது. "இத்தன சுலபமா சார்? அன்னிக்கும் ரெண்டு வார்த்தைல முடிஞ்சிருக்கக்கூடிய வேலையா அது?"

ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் வைத்துவிட்டார்.