கண்ணாடிக் கதவும் பரமுவின் கேள்வித்தாளும்

“சார், நம்ம பரமு சார் போயிட்டாரு” என்று சிப்ஸ் கடை அண்ணாச்சி போனில் சொன்னார். “யார் சொன்னா?” என்றேன். “அவர் வீட்டம்மாதான்.” ஒரே ஒருவர் சொன்னதை உண்மை என்று பரமு வாழ்நாளில் ஒப்புக்கொண்டதில்லை. தமது சாவையே ஆயிரம் பேரிடம் விசாரித்த பிறகுதான் நம்பியிருப்பார்.

திருவனந்தபுரத்தில் சந்தை ஆய்வு என்ற பெயரில் அவர் நடத்திய அட்டூழியங்களுக்கு, கூடவே வேலை பார்த்த நான் சாட்சி. வியாபாரிக்கு எந்த நோய் வந்தாலும் பரமுவிடம் ஒரே கஷாயம்: ஊராரிடம் நீட்டி மதிப்பெண் கேட்கும் கேள்வித்தாள். சோப்பு விற்கவில்லையா, கேள்வித்தாள். பொன்முடி மலைக்கு வேன் விட்டால் ஆள் ஏறுமா, கேள்வித்தாள். வீடு தீப்பிடித்தால்கூட, தீ திருப்தியாக எரிகிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார். “சந்தேகம் வந்தா எண்ணிடணும் ஓய்!” என்பது அவருடைய வேதம்.

பழவங்காடியில் அண்ணாச்சி தம் கடையைப் புதுப்பித்தார். ஏசி, பளபளக்கும் கண்ணாடிக் கதவு. அத்தோடு வியாபாரம் படுத்துக்கொண்டது. “ஓணத்துக்குள்ள காரணம் தெரியலன்னா கடைய மூடிட்டு திருநெல்வேலிக்கே போயிருவேன் சார்” என்று எங்கள் ஆபீஸில் வந்து உட்கார்ந்தார்.

பரமு உடனே படையைக் கிளப்பினார். எங்கே? கடைக்குப் பக்கத்துக் கணபதி கோவில் வாசலில்! தேங்காய் உடைத்து, நெற்றியில் சந்தனம் இட்டு வெளியே வருகிறவன், பிள்ளையார் பார்த்துக்கொண்டிருக்கையில் யாரைப் பற்றியாவது குறை சொல்வானா? நல்ல கடை, நல்ல சிப்ஸ், நல்ல மனுஷன் என்று ஊரே மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தது. கடைக்குள் காலே வைக்காதவர்களும் கொடுத்தார்கள். செங்கல் கனத்தில் அறிக்கை வந்தது.

அண்ணாச்சி அதைத் தூக்கிப் பார்த்தார். “எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, எவனும் வரல. இதுக்கு என்ன சார் அர்த்தம்?”

“ஜனங்களோட தப்பு” என்றார் பரமு, கூசாமல்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “நோய் என்னன்னே தெரியாம, நோயாளி எத்தனை பேர்னு எண்ணுறீரே! எதைக் கேக்கணும்னு தெரிஞ்சப்புறம்தான் எண்ணணும். முதல்ல கடைக்கு எதிரே போய்ச் சும்மா உக்காரும்.”

“சும்மா உக்கார்றதுக்கு ஆராய்ச்சின்னு பேரா? எங்க கத்துண்டீர்?” என்று சீறினார். ஆனால் மறுநாள் போனார். மழைச் சேற்றில் ஸ்டூல் போட்டு, சாயங்காலம் முழுக்க முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும், “முன்னெல்லாம் வறுக்கற வாசனை தெருவுக்கே வரும். இப்போ கண்ணாடி தடுத்துடறது. கால்ல சேறோட வர்றவா கதவைப் பார்த்துட்டு அப்படியே போயிடறா ஓய்” என்றார். சொன்ன வேகத்தில், ‘இக்கதவு தங்களுக்கு இடைஞ்சலா?’ என்று அடுத்த கேள்வித்தாளை எழுத ஆரம்பித்தார்! பேனாவைப் பிடுங்கினேன். கேட்டால் கதவு அழகு என்பார்கள். காரணம் அதுதானா என்று தெரிய வேண்டுமானால் கதவைத்தான் அசைக்க வேண்டும்.

விலை, எண்ணெய், ஆட்கள் எதையும் மாற்றாமல், ஒரு நாள் கதவைத் திறந்தும் மறுநாள் மூடியும் மாறிமாறி வைத்தோம். “ஏசிக் காத்து முழுக்க ரோட்டுக்குப் போவுதே!” என்று அண்ணாச்சி புலம்பினார். திறந்த நாள்களில் தெற்குக் கேரளமே கடைக்குள் புகுந்தது. மூடிய நாள்களில் ஈ காக்கை இல்லை. ஓணத்துக்கு முன்பே கதவு பழைய கண்ணாடி வாங்குகிறவனிடம் போய்ச் சேர்ந்தது. இறுதி அறிக்கையில் பரமு, இவை அனைத்தையும் தாம் ஆதியிலேயே ஊகித்ததாக எழுதிக்கொண்டார். வெட்கம் என்ற சரக்கு அவரிடம் என்றுமே கையிருப்பில் இருந்ததில்லை.

போன் வந்ததும் துக்கம் கேட்கப் போனேன். அவர் வீட்டில் கூட்டம் நெரிந்தது. “எத்ர நல்ல மனுஷன், அல்லே?” என்று ஆபீஸ் சகாக்கள் ஒருவர் விடாமல் என்னிடம் சொன்னார்கள். மறுபடி கோவில் வாசல்! சாவு வீட்டில் எவன் குறை சொல்வான்? இந்தக் கணக்குச் செல்லாது. அதனால்தான் அவரைத் தெரிந்த உங்களுக்கு இந்த அஞ்சலியை இப்படி வைது எழுதுகிறேன்.

கேட்டுக்கு வெளியே அண்ணாச்சி தனியாக நின்றார். “திமிரு புடிச்ச மனுஷன் சார். தப்பாப் போச்சுன்னு கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல” என்றவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஆனா கடை இருக்கு.”

அன்று எனக்குக் கிடைத்த ஒரே நம்பத்தக்க பதில் அதுதான். பரமுவின் கேள்வித்தாள்களை அவரோடே அனுப்பிவிட்டேன். தாம் துளியும் நம்பாத ஒரு வேலைக்காகச் சேற்றில் ஸ்டூல் போட்டு முறைத்துக்கொண்டிருந்த அந்த ஆளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.