நாலு விரல் பள்ளம்

கம்பெனியில் அவளை எல்லாரும் மேகம் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பேர் இருக்கிறது, அது சீட்டோடு சரி. ஏணி உச்சியில் ஸ்குரு டிரைவரும் கையுமாக நிற்பாள், ஆள் மட்டும் அங்கே இருக்கமாட்டாள். கீழேயிருந்து யாராவது "மேகம், மழை வருமா?" என்று கேட்டால்தான் திரும்பி வருவாள். நாற்பத்திரண்டு வயசு, பதினாறு வருஷ சர்வீஸ். அவள் முடித்துக் கொடுத்த வேலையில் இதுவரை ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை. அதனால் கேலியெல்லாம் செல்லக் கேலியாகவே இருந்தது.

அவள் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், இரும்பு ஷட்டருக்குப் பயம் கற்றுக்கொடுப்பது. மோட்டாரில் இறங்குகிற ஷட்டருக்கு அடியில் ஆள் நிற்கிறானா, ஆடு நிற்கிறதா என்று என்ன தெரியும்? அதற்காக அடிவிளிம்பில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டுவார்கள். பட்டையில் ஏதாவது பட்டால் அதோடு சேர்ந்த சென்சார் கம்பியில்லாமலே சேதி அனுப்பும். சுவரில் இருக்கிற ரிசீவர் அதைக் கேட்டு மோட்டாரை நிறுத்தும். ஆனால் முதலில் இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டும். ரிசீவர் பொத்தானை அழுத்திவிட்டு, அரை நிமிஷத்துக்குள் ஓடிப்போய் சென்சார் பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு மூன்று தரம் சிமிட்டினால் முடிந்தது. அப்புறம் ஊரில் எத்தனை சென்சார் கத்தினாலும் அந்த ரிசீவர் தன் ஜோடிக்கு மட்டும்தான் காது கொடுக்கும்.

தன் வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு பொத்தான் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று அவள் அடிக்கடி சொல்வாள். அந்த மனுஷன் ஒரு பெரிய சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை வண்டியில் ஏற்றித் தள்ளுகிறவர். மனசு வெள்ளை, வாய் மட்டும் காது வரைக்கும். அந்தச் சலவை நிலையத்து ஷட்டர்களுக்கே சென்சார் போட இவளை அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு வாரம் அவரைப் பிடிக்க முடியவில்லை. தன் பெண்டாட்டி வைத்த ஷட்டருக்கு அடியில் படுத்தே தூங்கலாம் என்று வேலைக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்றைக்குக் காலையில் அவள் அங்கே போனபோது கூடமெல்லாம் ஒரே ஆவி. வெள்ளை விரிப்புகள் அந்த ஆவிக்குள் வருவதும் போவதுமாக இருந்தன. சோப்பு வாசனையும் வெதுவெதுப்பும் சேர்ந்து, நடக்கும்போதே கண் சொக்கியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஷட்டர், நடுச்சுவரின் உள்பக்கத்தில் இரண்டு ரிசீவர். எப்போதும் எந்த வேலையையும் தொடுவதற்கு முன்னால் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று ஷட்டரின் இரு பக்கமும், ரிசீவர் மேலும் எழுதிவிடுவாள். அது அவள் பழக்கம். அன்றைக்கு எல்லாமே வியர்த்துப்போய்க் கிடந்ததால் சாக்பீஸ் ஒட்டவேயில்லை. போகட்டும், இருப்பதே இரண்டுதானே என்று விட்டுவிட்டாள்.

உள்ளே இடது ரிசீவர் பொத்தானை அழுத்தினாள், ஷட்டருக்கு வெளியே ஓடினாள், இடது சென்சாரை அழுத்தினாள். திரும்ப உள்ளே வந்து வலது, திரும்ப வெளியே போய் வலது. இரண்டும் மூன்று தரம் அழகாகச் சிமிட்டின. சோதனையை ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். ஆனால் சூப்பர்வைசர், லாரி காத்திருக்கிறது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சரி என்று இரண்டு ஷட்டருக்கு அடியிலும் ஆளுக்கொரு அட்டைப்பெட்டியை வைத்து, இரண்டையும் சேர்த்தே இறக்கச் சொன்னாள். பெட்டியில் பட்டதும் இரண்டும் நின்றன. ஒரு பெட்டியில் மட்டும் நாலு விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அட்டை ஈரத்தில் ஊறியிருக்கும் என்று நினைத்தாள், கையெழுத்துப் போட்டாள், கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு. மதிய வெயில் மடியில் விழுந்திருந்தது. வண்டி தாலாட்ட, அவள் வழக்கம்போலப் போய்விட்டாள். சலவைக்கூடத்து ஆவிக்குள் மறுபடி நடந்தாள். உள்ளே நின்று இடது கையை நீட்டினாள், ரிசீவர் கையில் தட்டியது. அப்படியே மிதந்து வெளியே போய்த் திரும்பி நின்று மறுபடி இடது கையை நீட்டினாள். அந்த ரிசீவருக்குரிய ஷட்டர் அங்கே இல்லை. அது அவளுடைய வலது பக்கத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டென்று கண்ணைத் திறந்தாள். அடிப்பாவி, ஜோடியை மாற்றி வைத்துவிட்டாயே! உள்ளேயிருந்து பார்க்கிற இடது, வெளியேயிருந்து பார்த்தால் வலது அல்லவா? ஒரு ஷட்டர் ஆள்மேல் பட்டால் பக்கத்து ஷட்டர் நிற்கும், பட்ட ஷட்டர் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்து இறக்கியதால் ஒன்றை ஒன்று நிறுத்தியிருக்கிறது. நிற்கச் சொன்ன பிறகும் ஷட்டர் கொஞ்சம் சறுக்கித்தான் நிற்கும்; அந்தச் சறுக்கலில் அடுத்தது தன் பெட்டியைத் தொடுகிறவரைக்கும், முந்திப் பட்டது அழுத்திக்கொண்டே போயிருக்கிறது. அதுதான் அந்த நாலு விரல் பள்ளம்.

ஷட்டருக்கு அடியில் படுக்கிறேன் என்று சொன்ன மனுஷனுக்கு இரண்டு மணிக்கு ஷிஃப்ட். மணி இரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. அவர் போன் பெட்டிக்குள் பூட்டியிருக்கும், அங்கே அதுதான் சட்டம். சூப்பர்வைசர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அவள் பாதி வழியில் இறங்கி ஒரு டாக்ஸியைப் பிடித்தாள். வழியெல்லாம், கடவுளே அந்த வாயை இன்றைக்கு ஒரு நாள் மூடி வை என்று வேண்டிக்கொண்டு வந்தாள்.

கடவுள் மூடவில்லை. முற்றத்துக்குள் ஓடிவந்தவள் கண்ணில் பட்டது இதுதான். ஒரு ஷட்டர் தோள் உயரத்தில் பாதி இறங்கி நிற்கிறது. இன்னொன்றுக்குச் சரியாக அடியில் தட்டுவண்டி. அதில் விரிப்புக் குவியல்மேல் மனுஷன் கண்ணை மூடி, கையைத் தலைக்கு வைத்து, ராஜா மாதிரி மல்லாந்திருக்கிறார். உள்ளே நாலைந்து பேர் சிரிக்கிறார்கள். ஷட்டர் அவர் நெஞ்சுக்கு இரண்டு முழம் மேலே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்விட்ச் உள்ளே இருக்கிறது. அவள் கத்தினாள், மெஷின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். அவளோ அவரை விட்டு விலகி, பக்கத்து ஷட்டரைப் பார்த்து ஓடினாள். கையை ஓங்கி அதன் ரப்பர் பட்டையில் அறைந்தாள்.

அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே ஷட்டர் நின்றது.

உள்ளே கைதட்டல் எழுந்தது. மேகம் சரியான மேகம்தான், புருஷன் இங்கே கிடக்க அங்கே ஓடுகிறது பார் என்று ஒருத்தன் சிரித்தான். அவர் வண்டியிலிருந்து உருண்டு இறங்கி, தொடாமலே நின்றுவிட்டது பார்த்தீர்களா என்று ஆரம்பித்தார். அவள் பட்டையிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

"அது நிக்கலங்க. நான் நிறுத்தினேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். சாக்பீஸ் ஒட்டாதது, இடது வலது, பள்ளம், எதையும் மறைக்கவில்லை. தன் தப்பு என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். சாப்பிட்ட கையோடு வந்த சூப்பர்வைசரும் கேட்டார். ஆபீசுக்கும் போன் போட்டுச் சொன்னாள். பதினாறு வருஷத்து நல்ல பேர் கண்முன்னே போயிற்று. அதற்கு அவள் கவலைப்படவில்லை.

அப்புறம் ஏணியை வாங்கி, ஜோடியைப் பிரித்து மறுபடி சேர்த்தாள். விரிப்புகளுக்கு நம்பர் போடுகிற அழியாத மையை அவர் கொண்டுவந்து கொடுத்தார். ஷட்டரின் இரு பக்கமும், ரிசீவர் மேலும் கொட்டை எழுத்தில் ஒன்று, இரண்டு. சோதனை ஒவ்வொன்றாக, புதுப் பெட்டி வைத்து. சறுக்கலை ரப்பரே வாங்கிக்கொண்டது, இரண்டு பெட்டியிலும் சின்ன மடிப்புகூட விழவில்லை.

கடைசியில் அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று, மெதுவாகக் கேட்டார்.

"நீ என்னைப் பாத்துட்டு அந்தப் பக்கம் ஓடினப்போ, ஒரு நிமிஷம் மனசு விட்டுப்போச்சும்மா. ஏன் என்கிட்ட வரல?"

"உங்ககிட்ட வந்திருந்தா நான் உங்க கையைத்தான் புடிச்சிருப்பேன்" என்றாள் அவள். "ஷட்டரை யாரு புடிக்கிறது?"

அவர் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.